எந்தக் காயில் வளர்ந்த புழு?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காப்பியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்கு வகுப்பறைக் காலத்திலிருந்தே தெரியும்.

ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்றில் அறுத்த கொய்யாக்காய், அதற்குள் ஒரு புழு. இன்னொன்றில் பிரித்த ஆமணக்குக் காய், அதற்குள்ளும் ஒரு புழு. "சார், ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. ஆனா ஆமணக்குல இருக்கறது கொழுகொழுன்னு இருக்கு. கொய்யாவுல இருக்கறது சோனியா இருக்கு. ஒரே புழுவா, வேற வேறயா? வரப்புல நிக்கிற ஆமணக்க வெட்டிரலாமா?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இதே கேள்வி இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் குடும்பத்திலேயே ஒரு சண்டையாக வந்தது. அங்கே நான் சொன்ன பதில் வேறு, இவருக்குச் சொல்லப்போகும் பதில் வேறு. ஏன் வேறு என்று விளக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் பூச்சியை அறிமுகம் செய்துவிடுகிறேன். சின்ன அந்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் ஓர் அங்குலம் வரும். நல்ல மஞ்சள் நிறம், அதில் பேனா மையைத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். பகலில் இலைக்கு அடியில் ஒண்டியிருக்கும், இரவில் திரியும். பெயர் கோனோகெதஸ் பங்டிஃபெராலிஸ். பின்பாதிப் பெயருக்கு 'புள்ளிகளைச் சுமப்பது' என்று பொருள். 1854-ல் குவெனே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. நம் பழைய பாடநூல்களில் டைக்கோகுரோசிஸ் என்று இருக்கும். என்னிடம் படித்தவர்கள் அந்தப் பெயரைத்தான் மனப்பாடம் செய்திருப்பீர்கள். நம்மூர் விவசாயிக்கு அது 'காய்த்துளைப்பான்'. அது போதும்.

இந்தப் பூச்சிக்குச் சாப்பாட்டில் வஞ்சனையே கிடையாது. ஆமணக்குக் காய், கொய்யா, மாதுளை, மாம்பூ, சூரியகாந்தி என்று நம் பக்கத்திலேயே பட்டியல் நீளம். மலேசியா, தாய்லாந்துப் பக்கம் போனால் டுரியன், ரம்புட்டான். சீனா, ஜப்பான் போனால் பீச், செஸ்ட்நட், மக்காச்சோளம். இப்படி எதையும் தின்னும் பூச்சிகளைப் பார்த்தால் நமக்கு ஒரு நினைப்பு வருகிறது: எதைத் தின்றாலும் அதற்கு ஒன்றுதான் போலிருக்கிறது என்று. அது சரியல்ல. தின்ன முடியும் என்பது ஒன்று, தின்று தேற முடியும் என்பது வேறு.

தொண்ணூறுகளில் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் இதைச் செய்து பார்த்தார்கள். சிலருக்கு நினைவிருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள், வாயில் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்டு. ஆமணக்குக் கொத்திலிருந்து எடுத்த சின்னப் புழுக்களைப் பிரித்து, சில பாட்டில்களில் பச்சை ஆமணக்குக் காய், சிலவற்றில் கொய்யாக்காய்த் துண்டு, சிலவற்றில் கொய்யாப்பழத் துண்டு போட்டு வளர்த்தோம். ஆமணக்கில் இருந்தவை மளமளவென்று பெருத்துக் கூட்டுப்புழு ஆயின. கொய்யாக்காயில் இருந்தவை பின்தங்கின. கொய்யாப்பழ பாட்டிலில் நாலாம் நாளே பூஞ்சை பிடித்து, நாற்றமடித்து, புழுக்கள் செத்துக் கிடந்தன.

"ஆக, கொய்யாப்பழம் இந்தப் புழுவுக்கு ஆகாது" என்று ஒரு பையன் நோட்டில் முடிவு எழுதிவிட்டான். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், புழு பழத்தால செத்துச்சா, அழுகலால செத்துச்சா?"

முப்பத்து மூன்று வருட வாத்தியார் வேலையில் இப்படிப்பட்ட கேள்விகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறுபடி செய்தோம். இந்த முறை பழத்துண்டைத் தினமும் மாற்றினோம். சாவு குறைந்தது. ஆனால் வளர்ச்சி ஆமணக்கை எட்டவில்லை. அந்தப் பெண் அடுத்த கேள்வியைப் போட்டாள்: "நாம எடுத்த புழு எல்லாம் ஏற்கெனவே ஆமணக்கு தின்னு பழகினதுதானே சார்? முட்டையிலிருந்து வந்த புழுவ நேரா கொய்யாவுல விட்டாத்தானே நியாயமான போட்டி?" அவள் இன்று செவிலியராக இருக்கிறாள். நோயாளிகள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானிகள் செய்வதும் அதைத்தான். ஒரே கூட்டத்து முட்டைகளை எடுத்து, ஒரே வெப்பநிலையில், ஒரே அளவு வெளிச்சத்தில் வைத்து, காயை மட்டும் மாற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு ஜாதகம் எழுதுவார்கள். எத்தனை நாளில் முதல் தோல் உரித்தது, எத்தனை நாளில் கூட்டுப்புழு ஆனது, கூட்டுப்புழுவின் எடை என்ன, எத்தனை பூச்சியாக வெளிவந்தன, பெண் எத்தனை, ஒவ்வொரு பெண்ணும் எத்தனை முட்டை இட்டது. இதற்கு வாழ்க்கை அட்டவணை என்று பெயர். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் மனிதருக்குப் போடுகிற கணக்குத்தான், இங்கே பூச்சிக்கு.

சரி, காய்க்குக் காய் அப்படி என்ன மாறுகிறது? நான் நாலு விஷயம் சொல்வேன்.

ஒன்று, கதவு. முட்டையிலிருந்து வந்த புழு நூல் கனம்தான் இருக்கும். அதன் வாய் எவ்வளவு சிறிது என்று நினைத்துப் பாருங்கள். இத்தகைய துளைப்பான்களின் வாழ்க்கையில் மிக ஆபத்தான நேரம் அந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான். தோலைத் துளைத்து உள்ளே போவதற்குள் எறும்பு தூக்கும், வெயில் உலர்த்தும், மழை அடித்துப்போகும். இளம் ஆமணக்குக் காயின் முள் மென்மையானது, தோலும் மென்மை. மாதுளை ஓடு கெட்டி. அதனால்தான் மாதுளையில் பூ ஒட்டியிருந்த முனை போன்ற இளக்கமான இடங்கள் புழுவுக்கு வசதி. உள்ளே நுழைந்துவிட்ட புழுவுக்கு அதே கெட்டி ஓடு கோட்டைச் சுவர் ஆகிவிடும். வெளியே காத்து நிற்கும் குளவி எட்ட முடியாது.

இரண்டு, சோறு. கொய்யாவில் பெரும்பகுதி தண்ணீர். புழு வளர்வதற்கு முக்கியமாக வேண்டிய புரதம் அதில் மிகக் குறைவு. ஆமணக்கு விதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், அதோடு நல்ல புரதம். ஒரு புழு கொய்யாச் சதையை நாள் முழுக்கத் தின்று சேர்ப்பதை, இன்னொன்று ஆமணக்கு விதையைக் கொஞ்சம் கடித்தே சேர்த்துவிடும். சோனியாக இருக்கிறது என்று மாணவர் சொன்னாரே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

மூன்று, நஞ்சு. எந்தக் காயும் தன் விதையைச் சும்மா தின்னக் கொடுக்காது. பிஞ்சுக் கொய்யாவைக் கடித்தால் நாக்கு இழுக்கிறதே, அந்தத் துவர்ப்பு புழுவின் செரிமானத்தையும் கெடுக்கும். மாதுளைத் தோலிலும் அதே துவர்ப்புச் சரக்கு நிறைய. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் என்ற புரதம் மனிதரையே கொல்லும் நஞ்சு. எண்ணெயில் அது வராது என்பதால்தான் நம் பாட்டிமார் நமக்கு விளக்கெண்ணெய் புகட்டினார்கள், நாமும் பிழைத்தோம். ஆனால் இந்தப் புழு அந்த விதையையே தின்று தேறுகிறது. ஒருவருக்கு நஞ்சு இன்னொருவருக்கு விருந்து.

நாலு, நாள். புழு வளர்ந்து முடிக்கும்வரை காய் இருக்க வேண்டும். ஆமணக்குக் கொத்தில் காய்கள் அடியிலிருந்து நுனிக்கு வரிசையாக முற்றும். ஒரு கொத்து முடிவதற்குள் அடுத்த கொத்து வரும். புழு ஒரு காயைத் தின்று முடித்து, நூலாம்படையும் எச்சமும் சேர்த்துப் பின்னிய சுரங்கம் வழியாகப் பக்கத்துக் காய்க்குப் போய்விடும். கொய்யாவில் துளை விழுந்தால் அதன் வழியே பூஞ்சை இறங்கும், காய் வெம்பி விழும். வீடு இடிவதற்குள் குடித்தனத்தை முடிக்க வேண்டும். அந்த மாணவி கேட்ட கேள்விக்கு இங்கே முழுப் பதில் இருக்கிறது: அழுகலும் அந்தக் காயின் குணங்களில் ஒன்றுதான். பாட்டிலில் நாம் பழத்தை மாற்றினோம், மரத்தில் யார் மாற்றுவார்?

இந்த நாலும் சேர்ந்துதான் புழு பிழைப்பதும் சாவதும், சீக்கிரம் வளர்வதும் தாமதமாவதும். சூடான பருவத்தில் ஆமணக்கில் இந்தப் பூச்சி முட்டை முதல் பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடித்துவிடும். அதில் புழுப்பருவம் இரண்டு வாரம்போல. குளிரிலும் ஆகாத உணவிலும் நாள் நீளும்.

"பத்து நாள் முன்னே பின்னே ஆனால் என்ன சார்?" என்று கேட்பீர்கள். கணக்கு நோட்டை எடுங்கள். இவை நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளும் எண்கள், எந்த ஆய்விலும் இருந்து வந்தவை அல்ல. ஒரு பெண் பூச்சி 100 முட்டை இடுகிறது. நல்ல காயில் 20 பிழைக்கிறது, அதில் பாதி பெண், ஆக 10. சுற்றுக்கு 30 நாள். சுமாரான காயில் 10 பிழைக்கிறது, பெண் 5. சுற்றுக்கு 40 நாள். இப்போது 120 நாள் ஓடட்டும். நல்ல காயில் நாலு தலைமுறை: 10, 100, 1,000, 10,000. சுமாரான காயில் மூன்று தலைமுறை: 5, 25, 125. ஒரே தாய், ஒரே நாலு மாதம். ஒரு பக்கம் பத்தாயிரம், இன்னொரு பக்கம் நூற்று இருபத்தைந்து. 80 மடங்கு.

உண்மையில் வித்தியாசம் இன்னும் கூடும். இந்தப் பூச்சி பெரியதான பிறகு தேன் மாதிரியான இனிப்பு நீரைத்தான் உறிஞ்சும். முட்டைக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி புழுவாக இருந்தபோதே சேர்த்து வைத்ததுதான். புழுப்பருவத்தில் மெலிந்த பெண் பூச்சிக்கு முட்டையும் குறையும். பிள்ளைப் பருவத்துச் சாப்பாடு தலைமுறை தாண்டிப் பேசுகிறது.

தாய்ப் பூச்சிக்கு எந்தக் காய் நல்லது என்று தெரியுமா என்று கேட்டால், ஓரளவு தெரியும். வாசனையை வைத்து வருகிறது. காலால் தொட்டுப் பார்க்கிறது. வழுவழுப்பை விடச் சொரசொரப்பான பரப்பு அதற்குப் பிடிக்கும். ஆனால் தாய் விரும்பும் இடமும் பிள்ளை தேறும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சில நேரம் கிடைத்த இடத்தில் இட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதற்கும் ஒரே இரவில் ஆயிரம் நெருக்கடி.

இதைப் படிக்கும்போது என் பழைய வகுப்பறை எனக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா? காலை ஐந்து மணிக்குப் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் அம்மாக்களின் பிள்ளைகள் எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள்! முதல் பாடவேளையில் தலை தொங்கும். மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும் அதே பிள்ளை கை தூக்கி பதில் சொல்லும். "மந்தம்" என்று சக ஆசிரியர் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன் என்பது உங்களுக்கே தெரியும். 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியதும், 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக விரித்ததும், 2022-ல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவு வந்ததும் ஏதோ தர்மம் செய்த கணக்கு என்று நினைக்கிறவர்கள், இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களை அருகருகே வைத்துப் பதினைந்து நாள் பார்த்தால் போதும். பிள்ளைகளைப் புழுவோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். வளர்கிற உயிர் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி குடும்பச் சண்டைக்கு வருகிறேன். என் தம்பி மகன் போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். (படித்துக்கொண்டுதான் இருப்பான். எழுத அனுமதி வாங்கிவிட்டேன்.) முதல் வருடமே துளைப்பான் வந்துவிட்டது. தண்டில் துளை, துளை வாயில் மரத்தூள் மாதிரி எச்சம், நடுக்குருத்து காய்ந்து நிற்கிறது, சரத்தில் காய்கள் பொக்கு. கடன் வாங்கிப் போட்ட பணம். தூக்கமில்லாமல் அலைந்தான்.

அவன் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டியின் துண்டு நிலம். கணவர் இல்லை, மகன் வெளியூர். வேலியோரம் பத்துப் பன்னிரண்டு ஆமணக்குச் செடி. அந்த முத்தைச் சேர்த்துக் கீழே கொண்டுபோய் விற்பதில் வரும் காசுதான் அவருக்கு மருந்துச் செலவு. யாரோ ஒருவர் என் தம்பி மகனிடம் ஒரு பழைய கையேட்டைக் காட்டியிருக்கிறார். ஏலக்காய்த் துளைப்பானின் மாற்று உணவுச் செடிகள் என்ற பட்டியலில் ஆமணக்கும் இருந்தது. போதாதா? "உன் செடியிலிருந்துதான் என் தோட்டத்துக்குப் பூச்சி வருது, வெட்டு" என்று இவன் நிற்க, "எஞ்செடி எம்பாட்டுக்கு நிக்குது சாமி, அது உனக்கு என்ன பண்ணுச்சு?" என்று அவர் நிற்க, வார்த்தை முற்றிவிட்டது. ஆள் வைத்து வெட்டுவது வரைக்கும் பேச்சுப் போனபோது தம்பி எனக்குப் போன் செய்தான்.

கையேட்டைக் குறை சொல்ல முடியாது. நூறு வருடத்துக்கும் மேலாக ஆமணக்கைத் துளைப்பதும் ஏலத்தைத் துளைப்பதும் ஒரே பூச்சி என்றுதான் நூல்கள் சொல்லி வந்தன. கண்ணால் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அதே மஞ்சள், அதே புள்ளி. ஆனால் பூச்சி ஆய்வாளர்களுக்கு நெடுநாளாக ஓர் ஐயம் இருந்தது. பிறகு உடலின் நுண்ணிய அமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்திய ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து 2018-ல், ஏலக்காயைத் தாக்குவது தனி இனம் என்று அறிவித்து, அதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள்: கோனோகெதஸ் சஹ்யாத்ரியென்சிஸ். சஹ்யாத்ரி என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலை.

ஜப்பானிலும் இதே கதை நடந்திருக்கிறது. பீச், செஸ்ட்நட் காய்களைத் தின்பதும் பைன் மர ஊசியிலையைத் தின்பதும் ஒரே பூச்சியின் இரண்டு வகை என்று வெகுகாலம் நினைத்தார்கள். 2006-ல் பைனில் வாழ்வதைத் தனி இனம் என்று பிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு செடியிலேயே தேறி, அங்கேயே துணை தேடி, அதிலேயே முட்டையிட்டு வந்தால், காலப்போக்கில் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடக்கூடும். சாப்பாடு உடம்பின் அளவை மாற்றுவதோடு நிற்பதில்லை, வம்சத்தையே பிரித்துவிடலாம்.

இதை நான் போனில் சொன்னபோது தம்பி மகன் நம்பவில்லை. "பெரியப்பா, உங்க படிப்பெல்லாம் சரி. எந்தோட்டம் போகுதே" என்றான். நியாயம்தானே. நஷ்டப்படுகிறவனுக்கு லத்தீன் பெயர் ஆறுதல் தராது. நேரில் போனேன். அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "ஆமணக்கிலிருந்துதான் பூச்சி வருதுன்னா வேலியோரத்துல சேதம் அதிகமா இருக்கணும், தள்ளிப் போகப் போகக் குறையணும். எண்ணிப் பாத்துட்டு வெட்டலாம்." வேலியோரம் ஐம்பது தண்டு, தோட்டத்தின் மறுகோடியில் ஐம்பது தண்டு. அவனும் நானும் ஆளுக்கொரு சாக்குத்துண்டை விரித்துக் குனிந்து குனிந்து எண்ணினோம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு பாட்டியிடம் கேட்டுக்கொண்டு அவர் ஆமணக்குக் கொத்துகளையும் பிரித்துப் பார்த்தோம். ஓரிரு கொத்துகளில்தான் நூலாம்படை இருந்தது. மலை முழுக்க ஏலம் நிற்கும்போது, ஏலத்துப் பூச்சி இந்தப் பன்னிரண்டு ஆமணக்கை நம்பியா இருக்கும்?

இது ஆய்வு அல்ல, ஒரு காலைப் பொழுது வேலை. ஆனால் ஒரு செடியை வெட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. தம்பி மகன் ஒன்றும் பேசாமல் அரிவாளைக் கொண்டுபோய்ச் சாய்ப்பில் செருகினான். அதற்குப் பிறகு புது எச்சம் தெரியும் தண்டுகளை வாரம் ஒருமுறை அறுத்து எடுத்து அழித்தான். கண்டபோதெல்லாம் மருந்தடிப்பதை நிறுத்தி, பூச்சி வெளிவரும் பருவத்தைக் கவனித்து, இளம்புழு உள்ளே நுழைவதற்குள் அடிக்கப் பழகினான். புழு தண்டுக்குள் போன பிறகு மேலே அடிக்கும் மருந்து காசுக்கும் கேடு, மலைக்கும் கேடு. பாதிப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் இந்த வருடம் குத்தகையைக் கட்டிவிட்டான். பாட்டியின் ஆமணக்கு நிற்கிறது. இப்போது முத்தைக் கீழே கொண்டுவந்து விற்றுக் கொடுப்பது இவன்தான்.

இனி ஆயக்குடி மாணவருக்கு. தம்பி, உன் விஷயம் தலைகீழ். நீ அனுப்பிய இரண்டு படத்திலும் இருப்பது ஒரே இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆமணக்கில் கொழுத்து வரும் பூச்சி கொய்யாவுக்கும் வரும். மலையில் குற்றமற்ற ஆமணக்கு உன் வரப்பில் பூச்சி வளர்க்கும் பண்ணை ஆகலாம். அதனால் கொய்யாவை ஒட்டி ஆமணக்கு வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால், நூலாம்படை கட்டிய காய்களை வாரந்தோறும் பறித்து அழித்துவிடு. ஆமணக்குக் காயைத் தோப்பு ஓரத்தில் உலர்த்தாதே. கூட்டுப்புழு காய்க்குள்ளேயே இருக்கும், களத்திலிருந்தே பூச்சி கிளம்பும்.

கொய்யாவில் செய்ய வேண்டியது: துளை விழுந்த காயையும் கீழே விழுந்த காயையும் அன்றன்றைக்கே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடு. வெம்பி விழுந்ததுதானே என்று விட்டுவிடாதே, உள்ளே இருப்பது இன்னும் சாகவில்லை. இரண்டு காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடு. அந்த இடுக்குதான் புழு பதுங்கி நுழைகிற வாசல். டுரியன் வளர்க்கும் நாடுகளிலும் ஒட்டிய காய்களை விலக்கித்தான் வைக்கிறார்கள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் உறை போடு. ஆள்கூலி ஆகும்தான், ஆனால் உறைக்குள் இருக்கும் காயில் பூச்சி முட்டையிட முடியாது. பிராக்கான் போன்ற சின்னக் குளவிகள் இந்தப் புழுவைத் தேடிக் கொட்டி, அதன் மேல் முட்டையிட்டு, நமக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கின்றன. பார்த்ததற்கெல்லாம் மருந்தடித்தால் முதலில் போவது அவைதான். மருந்து அவசியம் என்று பட்டால், பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காயைக் காட்டிக் கேட்டுவிட்டு அடி. கடைக்காரர் சொன்னார் என்று அடிக்காதே.

மற்ற பிள்ளைகளுக்கும் உறவுகளுக்கும் ஒரு வேலை தருகிறேன். வாத்தியார் புத்தி போகுமா? ஆமணக்கு, கொய்யா, மாதுளை எது உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தாலும், புழு விழுந்த காய் கிடைத்தால் எறியாதீர்கள். அதே காயோடு ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, பேரப்பிள்ளைகள் கையில் கொடுங்கள். எந்தக் காய், எந்தத் தேதியில் எடுத்தது, எந்தத் தேதியில் பூச்சி வந்தது என்று மூன்றே மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள். மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்த பூச்சி வந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வேறு ஏதாவது வந்தாலும் அனுப்புங்கள், அது இன்னும் சுவாரசியம். மாதுளையிலிருந்து சில நேரம் அந்துப்பூச்சிக்குப் பதிலாக ஒரு பட்டாம்பூச்சி வரும். அது யார் என்று அடுத்த பதிவில் சொல்கிறேன்.

கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்போது நன்றாகத் தெரிகிறது. விசாரித்த எல்லோருக்கும் நன்றி. சித்திரையில் போடியில்தான் இருப்பேன், வருகிறவர்கள் ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்